விருந்தாய் வரும் ஓவியரும் கோடைக் காட்சியும்

வெளியூர் ஓவியரை வருவித்து அவர்தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தல் சென்னைக்குப் புதிய வழக்கமன்று. வந்த ஓவியர் இங்கே என் செய்கின்றார் என்பதே நாம் கேட்க விரும்புவது. காட்சி திறக்கும் மாலையில் குத்துவிளக்கு ஏற்றப்படும், மாலை சூட்டப்படும், தலைமை வகிப்பவர் கலையின் மாண்பைக் குறித்து முக்கால் மணி நேரம் பேசுவார், தேநீர் வழங்கப்படும். மறுநாள் ஓவியர் ரயிலேறி விடுவார். பின்னர்ப் பத்து நாள் வரையில் படங்கள் சுவரில் தனித்திருக்கும். காவற்காரர் நாற்காலியில் தனித்திருப்பார். இதனைக் காட்சி என்பதினும் கிடங்கு என்பதே பொருந்தும். வந்த ஓவியர் நம் கண்முன் அமர்ந்து வேலை செய்தாலன்றி அவர் வருகையால் விளையும் பயன் பாதியே என்பதும், அத்தகைய வருகைக்குக் கோடை விடுமுறையே ஏற்ற காலம் என்பதும், அது நூம்பல் போன்ற மேற்குப் புறநகர்களில் நடைபெறல் வேண்டும் என்பதும் நம் கருத்தாகும்.

1868-ஆம் வருஷத்தில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்து, அரச குடும்பத்தாரின் உருவங்களைத் தைலவர்ணத்தில் எழுதினார். கிளிமானூர் ரவிவர்மாவுக்கு அப்போது வயது இருபது. ஜென்சன் தம் வித்தையை அவருக்குக் கற்பிக்க இசையவில்லை. தாம் எழுதும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இடங்கொடுத்தார் என்பர் சரிதம் எழுதினோர். அப்பார்வையே இளைஞர்க்குப் பாடமாயிற்று. சில வருஷங்களுக்குள், 1873-74-இல் சென்னையில் நடந்த நுண்கலைக் காட்சியிலே, கூந்தலில் மலர் சூடும் நாயர் மாதின் சித்திரத்துக்காக அவர் கவர்னரின் தங்கப்பதக்கம் பெற்றார். ஜென்சனுடைய முடிந்த படங்களை மட்டும் அவர் கண்டிருந்தால் இவ்வளவு விளைந்திருக்குமோ என ஐயுறுகின்றோம். முடிந்த படம் தான் பிறந்த வழியை மறைத்துவிடும். வர்ணத்தை எவ்வளவு எண்ணெயிற் குழைப்பது, எதனை முதலில் இட்டு எதனைக் கடைசியில் இடுவது, தூரிகையை எப்போது கீழே வைப்பது என்பனவெல்லாம் கையைப் பார்த்தே அறியத்தக்கன. மனமுவந்து கற்பியாத விருந்தினர் ஒருவராலேயே இத்துணை விளைந்ததெனின், மனமுவந்து பேசுவார் ஒருவரால் என்ன விளையாது?

இது கலை பயில்வார்க்கே உதவும், ஏனையோர்க்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். அவர்கள் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலை எடுத்துப் பார்ப்பாராக. திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்திலே வழிபட வந்த மக்கள் சுவரோவியங்களைச் சுட்டி இஃது யாது, அஃது யாது என வினவுகின்றனர். அறிந்தவர், இவன் பூனை வடிவுற்ற இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என விடை கூறுகின்றனர். நம் முன்னோரிடத்துச் சித்திரம் பார்த்தல் என்பது வாய்மூடி நடத்தல் அன்று. கேட்டலும் சொல்லலும் ஆகும். இந்நாளைய கூடங்களிலோ படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயரும் விலையும் இருக்கும். யாரைக் கேட்பது?

நிற்க, இடத்தைக் குறித்துச் சில கூறுவோம். நூம்பலை அடுத்து வேலப்பன்சாவடி வழியே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிற் கிழக்கு நோக்கிச் சென்றால் பெரியமேட்டில் அரசினர் கவின்கலைக் கல்லூரியின் வாயிலை அடையலாம். அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியே அஃது. வங்காளத்தினின்றும் வந்து 1929-இல் அதன் தலைமையேற்ற தேவிப்பிரசாத் ராய் சௌத்ரி ஏறத்தாழ முப்பது வருஷம் இங்கேயே தங்கிச் சிற்பஞ்செய்தார். கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியர்கள் துணிகளில் பத்திக் வேலை செய்து ஈட்டிய பொருளால் நிலம் வாங்கி எழுப்பிய ஊர் அது. வெளியிலிருந்து வரும் ஓவியர் தங்கவும் தம் படைப்புக்களைக் காட்டவும் அங்கே இடமுண்டு. போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் நூம்பலிலிருந்து ஒரு சிறுவன் அங்கே போதல் வேண்டுமாயின் நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து கடலோரம் செல்ல வேண்டும். பேர்பெற்ற சித்திரசாலைகள் எழும்பூரிலும் ஆயிரம்விளக்கிலும் கடற்பக்கத்திலுமாக நிற்கின்றன. மேற்கே வளர்ந்துள்ள இவ்வூர்களிலே கல்லூரிகள் உண்டு, மருத்துவமனைகள் உண்டு, கலியாண மண்டபங்களுக்கோ குறைவே இல்லை. நம் மாணாக்கருட் பலர் அச்சிட்ட படத்தையன்றித் தூரிகை தொட்ட மூலப்படம் ஒன்றையேனும் காணாமலே பட்டம் பெற்றுப் போகின்றனர் என்பது நமக்கு வருத்தந் தருவது.

கத்திரி வெயிலில் யார் வருவர் என்பது அடுத்த தடை. மார்கழி சங்கீதத்துக்கு உரியது. அம்மாதத்திற் சித்திரக்காரர் போட்டியிட்டு வெல்லமாட்டார். சங்கீதமும் ஒரே நாளில் தனக்கொரு பருவத்தைப் பெற்றதன்று; 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றியபின் ஆண்டுதோறும் தவறாது நடத்தியே பெற்றது. இலண்டனில் ராயல் அகாடமியார் 1769 முதல் ஒரு வருஷமும் இடைவிடாது கோடைக் காட்சி நடத்தி வருகின்றனர். தவறாமையே கூட்டத்தைச் சேர்க்கும். மே மாதத்திற் கல்லூரி மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. விடுதி அறைகள் காலியாக உள்ளன. பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றனர். பளிங்கு மாளிகை எழுப்பிய பின்னரே காட்சி நடத்துவோம் என்பார், 2012 டிசம்பரில் கொச்சியில் தொடங்கிய பியனாலேயை நினைப்பாராக. பழைய வாசனைத் திரவியக் கிடங்குகளே அங்கே சித்திரசாலைகளாயின.

ஆகவே பெருந்திட்டம் எதுவும் வேண்டா. ஒரு கோடைக்கு மூன்று ஓவியர் போதும். ஒவ்வொருவரும் இரண்டு வாரமேனும் தங்குக. வழிச்செலவையும் உணவையும் அழைக்கும் கல்லூரி ஏற்றுக்கொள்க; படம் விற்றால் வரும் பணம் முழுவதும் ஓவியரையே சார்க. காலை ஏழு முதல் பத்து வரையிலும் மாலை நான்கு முதல் ஏழு வரையிலும் கதவு திறந்திருக்கட்டும். படத்தின் பெயரும் விளக்கமும் தமிழில் இருத்தல் வேண்டும். குழந்தைகள் கேள்வி கேட்கும்போது யாரும் அதட்டலாகாது. இன்னும் ஒன்று: ஓவியர்க்கு வடக்குச் சாளரமே சிறந்தது என மேல்நாட்டு நூல்கள் கூறும். சென்னையிலோ ஏப்ரல் இறுதி தொடங்கி ஆகஸ்டு நடுவரையில் நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து செல்லும். அக்காலத்தில் வடக்குச் சாளரத்தினூடே வெயில் நேரே படத்தின்மேல் விழும். எனவே அறை தேர்வோர் தெற்கு நோக்கிய சாளரமுள்ளதாகப் பார்த்துத் தேர்க.