ரிமார்க்ஸ் பெட்டி

கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செய்ய என்னென்ன வேலை என்று கோவையில் எந்த டர்னரைக் கேட்டாலும் மடமடவென்று ஒப்பிப்பார். கம்பியை அறுத்து, ஃபேசிங் பிடித்து, சென்டர் போட்டு, டர்னிங் முடித்து, கீவே என்ற பள்ளம் வெட்டி, ஹார்டனிங்குக்கு அனுப்பி, கடைசியில் கிரைண்டிங். கீவேயை முன்னாலேயே வெட்டிவிட வேண்டும். ஹார்டனிங் ஆன பிறகு தொட்டால் கட்டரின் பல் போய்விடும். ஹார்டனிங் சூட்டில் ஷாஃப்ட் லேசாக வளையும், அதனால் கிரைண்டிங்குக்கென்று டர்னிங்கிலேயே கொஞ்சம் கனம் விட்டுவைக்க வேண்டும். இந்த வரிசை காகிதத்தில் ஏறினால் அது ப்ராசஸ் ஷீட்.

இதைக் கம்ப்யூட்டரே போட்டுவிடாதா என்பது பல பத்தாண்டு ஆசை. ஷீட்டில் வரும் ஸ்பீடு, ஃபீடு (வெட்டும் வேகம், கருவி நகரும் அளவு) கணக்கு அதற்கும் மூத்தது. அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் 26 ஆண்டுகள் உலோகத்தைச் சீவிச் சீவிப் பார்த்து, 1907-இல் முடிவுகளை வெளியிட்டார். சீவலாகப் போன இரும்பும் எஃகும் மட்டும் 8 லட்சம் பவுண்டுக்கு மேல். வெட்டும் வேகத்தை நிர்ணயிக்கும் காரணிகள் 12 என்றார். அவ்வளவையும் சேர்த்துக் கணக்குப் போட அவருடன் வேலை செய்த கார்ல் பார்த் ஒரு ஸ்லைடு ரூல் செய்து கொடுத்தார். யோசனை ஆபீசில், வேலை லேத்தில் என்பது டெய்லரின் கட்சி. இன்றைய மென்பொருளும் அந்தக் கட்சிதான்.

வரிசை போடுவதுதான் சிக்கல். வரைபடத்தைப் படித்து, விதிகளை வைத்துத் தானே வரிசையைக் கண்டுபிடிப்பது ஒரு வழி. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அதிகம் ஓடுவது இன்னொரு வழி: பழைய ஷீட்டைத் தேடி எடுத்துத் திருத்துவது. ஜெர்மனியின் ஆகென் நகரப் பேராசிரியர் ஓபிட்ஸ், ஒரு பாகத்தின் வடிவத்துக்கு 5 இலக்கம், அளவு, உலோகம் முதலியவற்றுக்கு 4 இலக்கம் என்று எண் கொடுக்கும் முறையை வகுத்தார். எண்ணைத் தட்டினால் அதே சாயலுள்ள பாகங்கள் வந்து நிற்கும்.

சாயலோடு பழைய பழக்கமும் சேர்ந்து வரும். தெரிந்த பட்டறை ஒன்றில் எல்லா ஷாஃப்ட் ஷீட்டிலும் இரண்டாவது ஆபரேஷன் 'நிமிர்த்தல்'. புதிதாகச் சேர்ந்த பெண் எஞ்சினியர் ஃபோர்மேனைக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, கம்பிதான் நேரா வருதே?"

"அப்ப வந்த கம்பி கோணலுங்க அம்மிணி. இப்பத்தான் வேற ஆளுகிட்ட வாங்கறோம்."

கம்பி மாறியும் ஷீட் மாறவில்லை. கம்ப்யூட்டர் வந்தபின் புது ஷாஃப்ட்டுகளுக்கும் நிமிர்த்தல் தானாக ஏறியது, அதற்கான நேரத்தோடும் செலவோடும்.

இதற்குக் கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. ஷீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது, ஏன் என்று இல்லை. கீவே முன்னால் வருவதற்கு உலோகம் காரணம், நிமிர்த்தலுக்குப் பழைய சப்ளையர் காரணம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எதிரே காரணம் என்று ஒரு கட்டம் போட்டு, அதை ஃபோர்மேனிடம் கேட்டு நிரப்பச் சொல்வேன். அதற்காக அவரை அரைநாள் மெஷின் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும், முதலாளிகள் முகம் சுளிப்பது அங்கேதான். இப்போதைக்கு அந்தப் பட்டறையின் மென்பொருளில் இருப்பது 'ரிமார்க்ஸ்' என்று ஒரு பெட்டி. எல்லாரும் அதில் 'ஓகே' என்று அடித்துவிட்டு அடுத்த ஜாப்புக்குப் போகிறார்கள்.