பந்தலும் பெயர்ப்பலகையும்

திங்களூரிலே அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அதற்குத் தம் பெயரை இட்டாரல்லர். தாம் அதுவரை நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். பெரியபுராணம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் அடியவரின் பக்தியை வியந்துரைப்பது வழக்கம். யானும் பல்லாண்டு அவ்வாறே உரைத்தேன். இப்பொழுது வேறொன்றும் தோன்றுகிறது. பந்தல் இட்டது ஒரு நாட் பணி. பானையை நிரப்புவதோ நாள்தோறும் செய்யவேண்டிய பணி. அறம் நிலைபெற்றது எதனால்?

நம் நாட்டு வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து, காரணம் இன்னும் தெளியப்படாத சிறுநீரக நோய் உழவர் பலரை வாட்டி வருகிறது. வவுனியாவும் அதற்கு விலக்கன்று. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் ஆய்வாளரின் ஐயத்துக்கு உள்ளாகியுள்ளன. ஆகவே அரசும் கடற்படையும் தொண்டு நிறுவனங்களும் அவ்வூர்களில் நீர் சுத்திகரிப்பு இயந்திரங்களை நிறுவியுள்ளன. நற்பணி என்பதில் ஐயமில்லை.

அவ்வியந்திரம் நீரை நுண்ணிய சவ்வொன்றினூடே அழுத்திச் செலுத்தி, அதிற் கரைந்துள்ள உப்புக்களைப் பிரிப்பது. நாளடைவிற் சவ்வு அடைபடும். அதனை மாற்றல் வேண்டும். மின்கட்டணம் செலுத்தல் வேண்டும். கழிவாகும் உப்புநீர் மீண்டும் கிணற்றைச் சேராவண்ணம் அகற்றல் வேண்டும். நீரைப் பரிசோதித்தல் வேண்டும். இச்செலவுக்கு ஊர்ச்சங்கங்கள் நீர் பெறுவோரிடம் சிறு கட்டணம் அறவிடுகின்றன. சங்கம் தளர்ந்தால் இயந்திரமும் ஓயும். மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புவர்.

கொழும்பிலே நாம் குழாயைத் திருகினால், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரோ களனி ஆற்று நீரோ வருகிறது. அதனை இரவும் பகலும் காப்போர் பலர். அவர்க்குச் சம்பளமும் உண்டு. சிற்றூரில் மட்டும் திறப்பு விழாவோடு வேலை முடிந்ததென நாம் கருதுவது நியாயமாகுமா?

கொடுத்தவனே என்றும் சுமக்க வேண்டுமோ எனச் சிலர் வினவுவர். வேண்டியதில்லை. ஊரார் தாமே நடத்துதல்தான் முறை. ஆயின் நடத்தும் வகையைக் கற்பிக்காது கைவிடுதல் கொடையாகாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இயந்திரத்துக்குப் பணந் திரட்டும்போதே, சில ஆண்டுகட்கு வேண்டிய சவ்வுக்கும் பரிசோதனைக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஊர் இளைஞர் இருவரைப் பயிற்றுங்கள். பெயர்ப்பலகை வேண்டுமாயின் வையுங்கள். ஆனால் கொடையாளர் பெயருக்கு மேலே, நீர் இறுதியாகப் பரிசோதிக்கப்பட்ட நாளை எழுத இடம் விடுங்கள். தாகத்தோடு வருபவன் முதலில் அறியவேண்டியது அதுவே.