வாள் கொழுவாகும் நாள்

ஜெர்மனியில், ரைன் நதிக் கரையில் கொலோன் நகரம் இருக்கிறது. அங்குள்ள பேராலயம் உலகப் புகழ் பெற்றது. 1870-71-ல் நடந்த யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய 22 பீரங்கிகளை உருக்கி, அந்த ஆலயத்துக்கு ஒரு மாபெரும் மணி வார்த்தார்கள். அதன் எடை ஏறக்குறைய 27 டன்.

உயிர் குடித்த வெண்கலம், ஆண்டவன் புகழ் பாட வந்தது. ஆனால், அது நிலைக்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் உலோகத்துக்குப் பஞ்சம் ஏற்பட்டது. 1918-ல் அந்த மணியை உடைத்து, ஆயுதத் தேவைக்காக உருக்கிவிட்டார்கள்.

பீரங்கி மணியாயிற்று. மணி மறுபடியும் யுத்தத்துக்கே போயிற்று!

அந்த ஆலயத்தில் இருந்த வேத புத்தகம் சொல்வதோ இதற்கு நேர் விரோதமானது.

ஏசாயா கண்ட காட்சி

ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முன்பு எருசலேமில் வாழ்ந்த யூத தீர்க்கதரிசி ஏசாயா. அசீரியப் பேரரசு நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கி.மு. 722-ஐ ஒட்டி சமாரியா வீழ்ந்தது. கி.மு. 701-ல் அசீரிய மன்னன் சனகெரிப், லாகீஸ் கோட்டையைப் பிடித்தான். அந்த வெற்றியைத் தன் அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கியும் வைத்தான். அந்தச் சிற்பங்களை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம்.

ஏசாயாவின் பெயரால் விளங்கும் நூல் வேறு ஒரு காட்சியைத் தீட்டுகிறது. எல்லா தேசத்து மக்களும் ஆண்டவரின் மலையை நாடி வருவார்கள். அவருடைய வழியைக் கேட்டுக் கற்பார்கள். தேசங்களின் வழக்குகளை அவர் தீர்த்து வைப்பார். அதன் பிறகு, வாள் கலப்பையின் கொழுவாகும். ஈட்டி, கொடி கழிக்கும் கத்தியாகும். யுத்தப் பயிற்சி என்பதே இல்லாமல் போகும்.

மீகா என்ற தீர்க்கதரிசியின் நூலிலும் இதே காட்சி வருகிறது. ஒவ்வொருவனும் தன் திராட்சைக் கொடியின் நிழலிலும், அத்தி மரத்து நிழலிலும் பயமின்றி உட்கார்ந்திருப்பான் என்று அவர் கூட்டிச் சொல்கிறார்.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கல்வி. அடுத்தது நீதி. அதற்குப் பிறகுதான் ஆயுதம் உருகுகிறது. கொலோனில் உலோகம் மட்டும் உருகியது. மனம் உருகவில்லை!

வந்ததா, வரவில்லையா?

இந்த வாக்கு இயேசுவினால் நிறைவேறத் தொடங்கியது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. ஒருவரை ஒருவர் கொன்று வந்தவர்கள் இன்று போர் செய்வதில்லை, இதுவே அத்தாட்சி என்று இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற அறிஞர் ரோமச் சக்கரவர்த்திக்கே எழுதினார்.

"மேசியா வந்துவிட்டார் என்றால் யுத்தம் ஏன் ஓயவில்லை?" என்று யூதர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! ஆரம்பம் ஆகிவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை என்பதே கிறிஸ்தவர்கள் சொல்லும் பதில். அதனால்தான் கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் காத்திருக்கும் காலமாக அனுசரிக்கிறார்கள். அப்போது ஏசாயாவின் நூல் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது.

கொலோன் மணி உருகிய அதே 1918-ல், டிசம்பர் 24 அன்று, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் ஒன்பது வேத வாசகங்களும் பாடல்களும் கொண்ட ஒரு புதிய ஆராதனை தொடங்கிற்று. யுத்தம் ஓய்ந்து அப்போது ஆறு வாரமே ஆகியிருந்தது. அதை அமைத்த எரிக் மில்னர்-ஒயிட், ராணுவத்தில் குருவாக இருந்து போர்க்களத்தைக் கண்டவர். ஏசாயாவின் சமாதான வாக்குகள் அந்த ஆராதனையில் இடம் பெற்றன. இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அது நிற்கவில்லை. வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆராதனையை நடத்தினார்கள்.

வாசித்தால் போதுமா?

அதே ஏசாயா நூலின் முதல் அதிகாரம், ரத்தம் படிந்த கைகளை உயர்த்திச் செய்யும் ஜெபத்தை ஆண்டவர் கேட்கமாட்டார் என்று கண்டிக்கிறது. ஒடுக்கப்பட்டவனுக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் நியாயம் செய்யச் சொல்கிறது. காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்றார் இயேசு. இன்றும் பல சபைகளில் திருவிருந்துக்கு முன் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொள்கிறார்கள். அது வெறும் சடங்காகப் போனால், தீர்க்கதரிசியின் குரலும் வீணாகப் போகும்.

கொலோனுக்கு 1923-ல் புதிய மணி வார்த்தார்கள். 24 டன் எடையுள்ள அந்த மணி, இரண்டாம் யுத்தத்துக்குத் தப்பி, இன்றும் பெரிய திருநாட்களில் ஒலிக்கிறது.

மணியைக் காப்பாற்றுவது கோபுரம் அல்ல. கீழே நின்று அதைக் கேட்கிறவர்களின் மனம்தான்!