இரு திசைக்கும் ஒரே தூரம்

பெருநகரமல்லாத எந்த ஊரையும் அந்நிய விமான நிறுவனங்கள் வந்திறங்கும் புதிய நிலையமாக இப்போதைக்கு வழங்குவதற்கில்லை என்று மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதிலை, திருச்சியை நம்பியிருக்கும் ஜனங்கள் இனியும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், துபாய்க்கு 2,940. கிழக்கே பறந்தாலும் மேற்கே பறந்தாலும் நாலு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னான பிரயாணந்தான். ஆயினும், ஆசியான் தேசங்களின் விமானங்கள் தடையின்றி வந்துபோகலாம் என்று அனுமதிக்கப்பட்ட 18 சுற்றுலா ஸ்தலங்களில் திருச்சியும் ஒன்றானபடியால், கிழக்கிலிருந்து ஸ்கூட்டும் ஏர் ஏசியாவும் இங்கே இறங்குகின்றன. மேற்கிலிருந்து எமிரேட்ஸ் இறங்க அனுமதியில்லை. நம் நாட்டு விமானத்தில் இடம் கிடைத்தால் உண்டு. இல்லையேல் சென்னைக்கோ கொச்சிக்கோ கொழும்புக்கோ போய்ச் சுற்ற வேண்டும். நாற்பது கிலோமீட்டர் குறைவான திசைக்குத்தான் இந்தத் தடை!

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். பெட்டியை நிறுத்துப் பார்த்து, எடை மிஞ்சுகிறதென்று ஊறுகாய்ப் புட்டியையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் மனமில்லாமல் வெளியே எடுத்து வைத்து, கயிற்றால் வரிந்து கட்டி, மேலே கொட்டை எழுத்தில் பெயரெழுதி, வீட்டார் எல்லோருமாக வேன் பிடித்து வழியனுப்பப் போகிற தூரம் அது. சென்னை வழி என்றாகிவிட்டால் அதுவே சுமார் நானூறு கிலோமீட்டர். துபாய்க்குப் பறக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, சென்னையைச் சேர்வதற்கே கழிந்துபோகிறது. அவ்வளவு தூரம் வீட்டார் கூடப் போவதற்கும் வழியில்லை.

ஆவுடையார்கோவிலுக்கு மேற்குத் திசை புதிதன்று. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அவன் அமைச்சர் வாதவூரர், திருப்பெருந்துறை என்று வழங்கிய இவ்வூரில் குருவைக் கண்டு, அந்தப் பொன்னைக் கொண்டே ஆலயம் எழுப்பினார் என்பது ஸ்தல வரலாறு. அரபு தேசத்துக் குதிரைகள் கப்பலேறி இந்தக் கீழைக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் வந்தவர்களைப் பாண்டியன் வரவேற்றான். நம்முடைய சர்க்கார் வழி மறிக்கிறது.

வளைகுடா நிறுவனங்கள் நம் பிரயாணிகளைத் தங்கள் ஊருக்கு அள்ளிப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றிவிடுகின்றன, அதனால் நம் நிறுவனங்கள் நலிந்துபோகும் என்கிறார்கள் தடையை ஆதரிப்பவர்கள். ஆவுடையார்கோவில் தாலுகாவிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவன் துபாயில் இறங்கி அமெரிக்காவுக்கா விமானம் மாறப் போகிறான்? இது வாதமே அன்று. போட்டிக்கு அஞ்சுகிறவர்கள் தேடிக்கொண்ட மறைவிடம். துபாய்க்கென்று ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 65,000 இருக்கைகள் என்றிருக்கும் வரம்பை எடுத்துக் காட்டுவோரும் உண்டு. வரம்பு இரு தரப்புச் சர்க்கார்களும் பேசி வகுத்தது, நினைத்தால் பேசியே மாற்றக்கூடியது.

1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம், பாதி வானத்துக்கு மட்டுமா கட்டப்பட்டது? மேற்குத் திசையும் திறந்துவிடப்பட்டால் கட்டணம் பாதியாகும், மணமேல்குடி மீனும் டெல்டாக் காய்கறியும் பிடித்த அன்றே, பறித்த அன்றே துபாய்ச் சந்தையைச் சேரும், ஐந்தே ஆண்டுகளில் புதுக்கோட்டைச் சீமையின் தரித்திரம் தீரும் என்பதில் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. ஐக்கிய அரபு எமிரேட்டுகளோடு அடுத்த பேச்சுவார்த்தை தொடங்கும் தினத்தில், புதிதாக வழங்கும் நிலையங்களின் பட்டியலில் முதற்பெயர் திருச்சியாக இருக்க வேண்டும். இல்லையென்றால், தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பேதமின்றி எழுந்து நின்று அமைச்சரிடம் காரணம் கேட்க வேண்டும்.