1,000 மணி நேரக் களப்பயிற்சி: பாடம் மாணவருக்கு மட்டும் போதுமா?

திருச்சியிலிருந்தோ கொச்சியிலிருந்தோ காத்மாண்டுவிலிருந்தோ மெல்பர்ன் போய் சமூகப் பணியில் முதுகலை படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். களப்பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கேட்கிறார்: "நான் சொன்னதுல உங்களுக்கு ஒத்துவராத விஷயம் ஏதாவது இருக்கா?"

"இல்லை மேடம், எல்லாம் சரிதான்" என்கிறார் மாணவி. அவரைப் பொறுத்தவரை அது மரியாதை. மேற்பார்வையாளரின் குறிப்பில் அது வேறு மாதிரி பதிவாகிறது: 'சுயமாகச் சிந்திப்பதில்லை. முன்முயற்சி குறைவு.'

இதில் இருவர் மீதும் தவறில்லை. ஆனால், இப்படி நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தால் பயிற்சியில் தோற்பவர் மாணவி மட்டும்தான்.

பிளேஸ்மென்ட் என்றால் வேலையா?

நம்ம ஊரில் பிளேஸ்மென்ட் என்றால் கேம்பஸ் இன்டர்வியூ ஞாபகத்துக்கு வரும். சமூகப் பணிப் படிப்பில் அது களப்பயிற்சி. மருத்துவமனை, முதியோர் சேவை, குழந்தைகள் பாதுகாப்பு, குடும்ப வன்முறைத் தடுப்பு போன்ற இடங்களில் உண்மையான மனிதர்களோடு வேலை செய்து பழகுவது.

ஆஸ்திரேலிய சமூகப் பணியாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் குறைந்தது 1,000 மணி நேரம் களத்தில் இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு பயிற்சிகளாக. இந்தியாவில் பல கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள் களம், மற்ற நாட்களில் வகுப்பு என்று ஓடும். அங்கே பெரும்பாலும் மாதக்கணக்கில் தொடர்ச்சியாக அலுவலகம் போக வேண்டும். இதை முடிக்காமல் பட்டம் கிடையாது.

மாணவருக்கு வழிகாட்டுபவர் தகுதி பெற்ற சமூகப் பணியாளராக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. நல்ல சமூகப் பணியாளர் என்பதாலேயே ஒருவர், வேறு நாட்டில் வளர்ந்த மாணவருக்கு நல்ல ஆசானாகவும் இருப்பார் என்று சொல்ல முடியுமா? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எங்கே இடறுகிறது?

முதலில், பேச்சு. மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பதே பலருக்கு முதல் மாதம் முழுக்க நாக்கில் வராது. அடுத்தது, அங்கே கண்டிப்பையும் மென்மையாகவே சொல்வார்கள். "நேரம் கிடைக்கும்போது அந்தக் குறிப்பை இன்னொரு தடவை பார்க்கலாமே" என்றால் 'சீக்கிரம் திருத்திக் கொடு' என்று அர்த்தம். 'நேரம் கிடைக்கும்போது' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு அடுத்த வாரம் அதிர்ச்சி காத்திருக்கும்.

இரண்டாவது, வாராந்திர மேற்பார்வைச் சந்திப்பு. 'அந்த வீட்டுக்குப் போனபோது உங்களுக்கு என்ன தோன்றியது? எந்த முன்முடிவோடு போனீர்கள்?' என்று கேட்பார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் அதற்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு என்று பழகி வந்தவர்கள், அந்த விடையைத் தேடிக்கொண்டே மௌனமாகிவிடுவார்கள்.

மூன்றாவது, அமைப்பு. சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகைச் சேவை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் உள்ளூர் மாணவருக்குக் காதில் விழுந்து பழகிய பெயர்கள். வெளியிலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்திலிருந்து கற்க வேண்டும்.

பணமும் விசாவும்

வெளிநாட்டு மாணவர்கள் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். படிப்பின் பகுதியான கட்டாயக் களப்பயிற்சி அந்தக் கணக்கில் வராது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால், வாடகையும் சாப்பாடும் காத்திருக்குமா? பகலில் சம்பளமில்லாத பயிற்சி, இரவிலும் வார இறுதியிலும் பகுதிநேர வேலை என்று பலர் ஓடுகிறார்கள்.

2025 ஜூலை முதல் ஆஸ்திரேலிய அரசு, தகுதியுள்ள சமூகப் பணி மாணவர்களுக்கும் பயிற்சிக்கால உதவித்தொகை தருகிறது. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. காலையில் கண் சொருகும் மாணவரைப் பார்த்து 'ஆர்வமில்லை' என்று எழுதுவதற்கு முன், இந்தக் கணக்கு மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி தோற்றால் மறுபடி கட்டணம், கூடுதல் மாதங்கள், விசா நீட்டிப்பு என்று சுமை ஏறிக்கொண்டே போகும்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

* முதல் வார உரையாடல்: எப்படி அழைக்கலாம், எப்போது கேள்வி கேட்கலாம், மேற்பார்வைச் சந்திப்பு எதற்கு என்பதை வாய்விட்டுச் சொல்வது. அலுவலகச் சுருக்கெழுத்துகளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பது.
* மொழி வேறு, திறமை வேறு: உச்சரிப்பை வைத்து மதிப்பெண் போடாமல், எதிரில் இருப்பவரின் நிலையைப் புரிந்துகொண்டாரா என்று பார்ப்பது.
* நேரடியான கருத்து: குறை இருந்தால் இடைக்கால மதிப்பீடு வரை காத்திருக்காமல் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே தெளிவாகச் சொல்வது.
* இனவெறி: சேவை பெற வந்தவரே மாணவரின் நிறத்தையோ பேச்சையோ இழிவாகப் பேசினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது. "கண்டுக்காதீங்க" என்பது பதில் ஆகாது.
* மொழிபெயர்ப்பு: மெல்பர்னிலும் சிட்னியிலும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். 'உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே, கொஞ்சம் பேசுங்களேன்' என்று மாணவரை அழைப்பது எளிது. ஆனால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்களும், 24 மணி நேரத் தொலைபேசிச் சேவையும் இருக்கும் நாட்டில், அந்தப் பொறுப்பை மாணவர் தலையில் வைப்பது அவருக்கும் ஆபத்து, அந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து.

'மாணவர்தானே பழகிக்கணும்?'

நியாயமான கேள்விதான். எதிரே இருப்பது அடிபட்ட குழந்தையாகவோ வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணாகவோ இருக்கலாம். தரத்தைக் குறைக்க யாரும் கேட்கக் கூடாது. மேற்பார்வையாளரைப் பயிற்றுவிப்பது சலுகை தருவதற்கு அல்ல, அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பதற்கு. மரியாதையான மௌனத்தை அறியாமை என்று எழுதினால் நல்ல பணியாளரை இழக்கிறோம். உண்மையான அறியாமையை 'கலாசாரம்' என்று விட்டுவிட்டால் சேவை பெறுபவர் பாதிக்கப்படுவார். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் தானாக வராது.

அதற்காக எல்லாப் பழியையும் மேற்பார்வையாளர் மீது போடவும் முடியாது. அவர் தன் வழக்குகளைப் பார்த்துக்கொண்டே கூடுதலாக இதையும் செய்கிறார். வெளிநாட்டு மாணவர்களிடம் பெரிய கட்டணம் வாங்குவது பல்கலைக்கழகங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும். மாணவர் இருக்கும் மாதங்களில் மேற்பார்வையாளரின் வழக்குச் சுமையை நிறுவனங்கள் குறைக்க வேண்டும். மதிய உணவு நேரத்தில் பார்க்கும் ஒரு வீடியோ பயிற்சி ஆகாது.

போகப்போகிறவர்களுக்கு

பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போது ரேங்கிங்கோடு இதையும் கேளுங்கள்: களப்பயிற்சி இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள்? மேற்பார்வையாளர்களுக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள்? பிரச்சினை வந்தால் இடையில் யாரிடம் பேசலாம்? தெளிவான பதில் வராத இடத்தில் யோசித்துக் காலெடுத்து வையுங்கள்.

அந்த மேற்பார்வையாளர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தால்? "அந்த வீட்டுக்கு நாளைக்கு நீங்க மட்டும் போறீங்கன்னா, எதை வேற மாதிரி செய்வீங்க?" இதற்கு 'எல்லாம் சரிதான்' என்று பதில் சொல்ல முடியாது. மாணவி யோசித்துப் பேசியே ஆக வேண்டும். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரியவரும்.