மலை தருவது கல்லா, நீரா?

மலையை உயரத்தால் அளந்து பழகிவிட்டோம். அந்த அளவுகோலுக்கு ஜாவாவின் வடக்குக் கெண்டெங் மலைத்தொடர் அகப்படாது. எரிமலைகளுக்குப் பேர்போன அத்தீவில் பாதி, ரெம்பாங், புளோரா மாவட்டங்களினூடே சில நூறு மீட்டர் உயரத்தில் தாழ்ந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மலை அது. அதன் பெருமை உள்ளே இருக்கிறது. மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் நிலத்தடி ஓடைகளையும் உண்டாக்கியிருக்கிறது. மேலே வறண்டு தோன்றும் குன்றுதான் அடிவாரத்தில் ஊற்றாய்ச் சுரந்து வயல்களை நனைக்கிறது.

புளோரா, இலக்கிய வாசகர்களுக்குப் புதிய பெயரன்று. பிரமூதியா அனந்த தூர் 1925-இல் பிறந்த ஊர். அவ்வட்டாரத்தில்தான் 1890 வாக்கில் சாமின் சுரோசெந்திகோ என்னும் விவசாயி, மண்ணும் நீரும் மரமும் அனைவருக்கும் பொது என்று போதித்தார். தேக்குக் காடுகளைத் தனதாக்கிக்கொண்ட டச்சு அரசு 1907-இல் அவரைக் கைது செய்து நாடு கடத்தியது. 1914-இல் சுமத்ராவில் மறைந்தார். அவர் வழிவந்தோர் ஆயுதம் ஏந்தவில்லை. வரி கொடுக்க மறுத்தனர். ஜாவா மொழியில் மேலோரிடம் பேசுவதற்கென்று தனி நடை உண்டு. அவர்களோ அதிகாரியிடமும் எளிய நடையிலேயே பேசினர். பணிவுச் சொல்லை மறுப்பதும் ஓர் எதிர்ப்புதானே?

அந்த மலையைத் தேடிச் சிமெண்ட் ஆலைகள் வந்தபோது சாமின் வழியினரும் பிற விவசாயிகளும் எதிர்த்து நின்றனர். 2016 ஏப்ரலில் ஒன்பது பெண்கள் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகை முன்னே தம் பாதங்களைச் சிமெண்டில் புதைத்துக்கொண்டு அமர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரெம்பாங் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. ஆனால் 2017 பிப்ரவரியில் மாகாண அரசு புதியதோர் அனுமதியை வழங்கிவிட்டது. மார்ச்சில் பெண்கள் மீண்டும் பாதம் புதைத்தனர். அப்போராட்டத்தில் பங்கேற்ற ஒரு விவசாயப் பெண் மாரடைப்பால் இறந்தார்.

சிமெண்ட் இன்றி வீடு ஏது என்ற கேள்வி நியாயமானதே. நாம் அமர்ந்து இலக்கியம் பேசும் அறையும் ஏதோவொரு சுண்ணாம்புக்கல்லில் எழுந்ததுதான். ஆனால் கல்லை வெட்டுமிடம் எது என்பதில் தெரிவு உண்டு. ஊற்று சுரக்குமிடத்தில் தெரிவு இல்லை. வெட்டிய சுண்ணாம்புக்கல் மறுபடி வளராது. ஆகவே நீரைத் தேக்கும் மலைகளைச் சுரங்கக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

ஜாவாவின் நிழற்பாவைக் கூத்து மலை வடிவப் பாவை ஒன்றை நட்டே தொடங்குகிறது. அதனை நட்டே முடிகிறது. மலைக்கு அத்தகைய இடத்தைத் தந்த பண்பாட்டில், அதை வெறும் மூலப்பொருளாக எழுதிவைக்கும் அரசாங்கக் கோப்பு எத்தனை வறுமைப்பட்ட மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்!