கணக்குக் கேட்டால் தப்பா?

என் டீமில் இருக்கும் ஒரு தம்பி முதல் சிறுகதைத் தொகுப்பு கொண்டுவரப்போகிறான். அந்த உற்சாகத்தில் எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான்: ‘எழுத்தாளர்களுக்குப் பயன்படும் வளங்கள்’. நூற்றுச்சொச்சம் லிங்க். லிட்டரரி ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதுவது எப்படி, நியூயார்க்கில் எந்த எடிட்டர் எதை விரும்புவார், இப்படியே போகிறது. “தமிழ்ல ஒரு ஏஜென்ட்டையாவது பாத்திருக்கியா?” என்று கேட்டேன். இல்லை. “பதிப்பாளரோட ஒப்பந்தம் போட்டியா?” “அதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்கண்ணா.”

வளம் இல்லை, வளம் இல்லை என்று புலம்புகிறோமே, கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளவே நமக்குக் கூச்சம். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. பட்டுத்தான் சொல்கிறேன்.

என் முதல் புத்தகத்துக்கு நான் முப்பத்தைந்தாயிரம் கொடுத்தேன். பில்லில் ‘ஐஎஸ்பிஎன் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை அதை வழங்குகிறது. பதிப்பகம்தான் கேட்க வேண்டும் என்றில்லை, சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு வாங்கினார்கள், நானும் கொடுத்தேன். எத்தனை பிரதி அச்சானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபதிப்புக்குக் கோப்பைக் கேட்டபோது “கம்ப்யூட்டர் மாத்திட்டோம் சார்” என்றார்கள். கிடைத்த பிடிஎஃப்பில் ஒரு பத்தியை காப்பி செய்து ஒட்டினால் வெறும் குப்பை எழுத்துகள். யூனிகோடு அல்லாத ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் வடிவமைத்திருக்கிறார்கள். தமிழ் யூனிகோடில் இடம்பிடித்தது 1991இல்! மெய்ப்பில் திருத்தியதெல்லாம் அந்தக் கோப்போடு போயிற்று. ஆபீசில் நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பேக்கப் உண்டு, யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு உண்டு. என் கதைகளுக்கு இல்லை. இதில் பதிப்பாளரை மட்டும் திட்டி என்ன பயன்?

சட்டமாவது தெரிந்ததா? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு ஒரு பக்கம்கூட இருக்காது. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாமல் உரிமை கைமாறாது. எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் உரிமை என்னிடமே இருந்திருக்கிறது. அது தெரியாமல் மூன்று வருடம் மறுபதிப்புக்கு அனுமதி கேட்டு போன் செய்துகொண்டிருந்தேன்.

மற்ற கருவிகளும் அப்படித்தான். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை வைத்து அச்சடித்து விற்கலாம், யாருக்கும் பைசா தர வேண்டாம். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், மின்னூலுக்கு சிகில், பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய வாணி. எல்லாமே இலவசம். பிழைதிருத்தி மெய்ப்புப் பார்ப்பவருக்கு மாற்று ஆகாது; மிச்சமாகும் காசை அவருக்குக் கொடுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் புத்தகத்தின் ஒரு பிரதியை கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். அனுப்பினால், பதிப்பகமே மூடிவிட்டாலும் புத்தகம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும்.

“சின்னப் பதிப்பாளரே கடன்ல ஓடறார், அவர்கிட்ட போய் ஒப்பந்தமா?” என்பார்கள். அவர் கஷ்டம் உண்மை. காகித விலை ஏறுகிறது, கடைக்காரருக்குக் கழிவு போகிறது, நூலகப் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் தன் காசைப் போட்டு, எடிட் செய்து புத்தகம் கொண்டுவருபவருக்குத்தான் ஒப்பந்தம் முதல் பாதுகாப்பு. நாளைக்கு எழுத்தாளர் அதே நூலை இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்தால் அவர் எதைக் காட்டுவார்? ஒப்பந்தம் என்றதும் முகம் சுளிப்பவர் பெரும்பாலும் எழுத்தாளரின் காசில் புத்தகம் போட்டு, அதிலேயே லாபம் பார்ப்பவர். அவருக்கு வாசகர் தேவையில்லை. நாம்தான் அவருடைய வாடிக்கையாளர்.

அவரைக் காப்பாற்றுவது நம் பாவனைதான். இலக்கியவாதி பணம் பேசக் கூடாதாம், கணக்குக் கேட்டால் கலை தீட்டுப்பட்டுவிடுமாம். அப்ரைசலில் சம்பளத்துக்காக மல்லுக்கட்டும் நாமே ராயல்டி என்றதும் துறவியாகிவிடுகிறோம்.

தம்பிக்கு நான் லிங்க் எதுவும் அனுப்பவில்லை. நான்கு கேள்விகள் அனுப்பினேன். உரிமை எத்தனை வருடத்துக்கு? எத்தனை பிரதி அச்சாகும், விற்பனைக் கணக்கு எப்போது வரும்? ஐஎஸ்பிஎன் யார் பெயரில்? அச்சுக்குப் போன கடைசிக் கோப்பு, யூனிகோடில், எனக்குக் கிடைக்குமா?

கேட்டானாம். பதிப்பாளர் இரண்டு நாள் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள் முதல் மூன்றுக்கும் பதில் வந்தது. நாலாவதுக்கு, “டிசைனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறார். அது வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.